வேலைக்கு ஆள் எடுக்கும்போது சாதி, மதம், ஆண் பெண் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு ஆண்டுகள் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் கன்சல்டன்சிகளில் வேலை பார்த்தேன். முதலில் கோவை, அப்புறம் சென்னை. மில், எக்ஸ்போர்ட் கம்பெனி, கார் உதிரிபாகத் தொழிற்சாலை, பத்துப் பேர் உட்காரும் சின்ன அலுவலகம் என்று எல்லாவற்றுக்கும் ஆள் அனுப்பியிருக்கிறேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரி முடித்த பிள்ளைகளை இன்டர்வியூவுக்குத் தயார் செய்கிறேன். அங்கே மறுபடி மறுபடி வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. இந்தியாவை, அதிலும் தமிழ்நாட்டை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

சாதி பார்த்துத்தான் என்னை எடுக்கவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்?

பெரும்பாலும் தெரியவே தெரியாது. இதில் இருக்கிற கொடுமையே அதுதான். உங்களிடம் யாரும் "நீ இன்ன சாதி, அதனால் வேண்டாம்" என்று சொல்லப் போவதில்லை. "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். கன்சல்டன்சிக்குச் சொல்லும்போது "செட் ஆகாது" என்பார்கள். எங்கள் எக்செல் ஷீட்டில் கடைசிக் கட்டத்துக்கு ரிமார்க்ஸ் என்று பெயர். அந்தக் கட்டத்தில் நான் அதிகம் தட்டச்சு செய்த சொல் இதுவாகத்தான் இருக்கும்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். அம்பத்தூர் பக்கம் ஒரு நிறுவனம், கணக்கு உதவியாளர் வேலை. நான் அனுப்பிய பெண் விழுப்புரம் மாவட்டத்துக்காரி. பி.காம். முடித்தவள், டேலியில் கை வேகமாக ஓடும். மேலாளர் இருபது பில்களைக் கொடுத்து என்ட்ரி போடச் சொன்னார். பேங்க் ஸ்டேட்மென்டைக் கொடுத்துக் கணக்கோடு ஒப்பிடச் சொன்னார். ஒரு தப்பு இல்லை. அவருக்கு ரொம்பத் திருப்தி. எங்கள் மூன்று பேருக்கும் டீ வரவழைத்தார். அப்புறம் பேச்சுவாக்கில், "எந்த ஊரும்மா?" என்றார். சொன்னாள். "அட, எங்க மாமனார் ஊருக்குப் பக்கம்தான். ஊருக்குள்ளேயா, காலனியா?"

அவள் டம்ளரை மேசையில் வைத்தாள். "காலனி சார்."

"சரிம்மா, சொல்லி அனுப்புறோம்."

சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. "பொண்ணு நல்ல பொண்ணுதான். நம்ம ஆபீசுக்கு செட் ஆகாது, வேற யாராவது இருந்தா அனுப்புங்க." நான் ஏன் என்று கேட்கவில்லை. மாதத்துக்கு மூன்று நான்கு பேர் எடுக்கிற க்ளையன்ட். அவள் பெயருக்கு நேரே "செட் ஆகாது" என்று எழுதி ஷீட்டை மூடினேன். அந்த வெட்கம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. 2025 ஏப்ரலில், பட்டியல் சாதியினர் குடியிருப்பைக் குறிக்கும் "காலனி" என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்தச் செய்தியைப் படித்தபோது, பாதி குடித்து அவள் கீழே வைத்த டம்ளர்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஆக, உங்களுக்குத் தெரியக்கூடிய அறிகுறி என்றால் இவ்வளவுதான்: வேலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கேள்வி வரும். அதற்கு நீங்கள் பதில் சொன்னதும் பேச்சின் சூடு குறையும்.

இதெல்லாம் ஒருவர் இருவருக்கு நடப்பது. பொதுவாக நடக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்?

தனி ஒருவரின் விஷயத்தில் நிரூபிப்பது கடினம் என்பதால் ஆராய்ச்சியாளர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். ஒரே படிப்பு, ஒரே அனுபவம் உள்ள விண்ணப்பங்களைத் தயார் செய்வார்கள். பெயரை மட்டும் மாற்றி ஒரே விளம்பரத்துக்கு அனுப்புவார்கள். யாருக்கு அழைப்பு வருகிறது என்று எண்ணுவார்கள்.

இந்தியாவில் இதைப் பெரிய அளவில் செய்தவர்கள் சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும். 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். முடிவு 2007இல் வெளியானது. அழைப்பு வரும் வாய்ப்பை உயர்சாதி இந்துப் பெயருக்கு 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. உயர்சாதிப் பெயர்க்காரர் எடுத்துக்காட்டி வாதாடுகிற "தகுதி" எல்லா விண்ணப்பத்திலும் ஒன்றாகவே இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

"அது வடக்கே" என்று சொல்பவர்களுக்காக: ஸஹ்ரா சித்திக் என்ற பொருளியல் ஆய்வாளர் இதே முறையைச் சென்னையிலேயே செய்து பார்த்தார். 2011இல் வெளியான அவருடைய கட்டுரைப்படி, உயர்சாதிப் பெயருக்கு வருகிற அதே அளவு அழைப்பைப் பெற, தாழ்த்தப்பட்ட சாதிப் பெயர் உள்ளவர் 20 சதவீதம் அதிகமாக விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. சின்ன நிறுவனங்களில் இடைவெளி இன்னும் பெரிது. என் அனுபவமும் அதையே சொல்கிறது. பெரிய கம்பெனியில் ஐந்து பேர் கையெழுத்துப் போட வேண்டும். சின்ன இடத்தில் முதலாளி முகம் சுளித்தால் முடிந்தது.

எல்லா ஆய்வும் ஒரே முடிவைச் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். டெல்லியில் நடத்தி 2009இல் வெளியான இன்னொரு ஆய்வில், சாஃப்ட்வேர் வேலைகளில் சாதி வேறுபாடு தென்படவில்லை. கால் சென்டர் வேலைகளில் தென்பட்டது. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. ப்ரோகிராம் எழுதத் தெரியுமா என்பதை ஒரு டெஸ்ட் வைத்துப் பார்த்துவிடலாம். "பேச்சு, பழக்கம், தோற்றம்" என்று போகிற வேலையில்தான் ஆள் எடுப்பவரின் மனதில் உள்ளது உள்ளே புகும்.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லையே. அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

சாதிப் பட்டத்தைத் துறந்தது நம் ஊரில் நடந்த பெரிய காரியம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வெறும் இனிஷியலோடு ஒரு பயோடேட்டா வந்தால் பத்தில் ஏழு தடவை எதுவும் தெரியாது. அதனால்தான் மீதியைப் பேச்சில் தோண்டுகிறார்கள். எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார், குலதெய்வம் எது, எந்தக் கோயில் திருவிழாவுக்குப் போவீர்கள், அசைவம் உண்டா. கோவையில் ஒரு பெரியவர் "உங்க கூட்டம் எது?" என்றே நேராகக் கேட்பார். கூட்டம் என்றால் சாதிக்குள் இருக்கும் குலப் பிரிவு. அவருக்கு அது அன்பான விசாரிப்பு. பதில் தெரியாமல் விழிக்கிற பையனுக்கு அப்படி இல்லை.

முஸ்லிம், கிறிஸ்தவப் பெயர்களுக்கு இந்த மறைவு கூட இல்லை. பெயரைப் படித்ததுமே தெரிந்துவிடும்.

இன்னொரு வழி "ரெஃபரன்ஸ்". தெரிந்தவர் சொல்லி ஆள் எடுப்பது தப்பில்லை என்று எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் நமக்குத் "தெரிந்தவர்கள்" யார்? கல்யாணத்துக்கு யாரைக் கூப்பிடுகிறோமோ அவர்கள். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் கட்டிங் செக்‌ஷனில் இருபத்திரண்டு பேரும் இரண்டு கிராமங்களைச் சேர்ந்த சொந்தக்காரர்களாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். யாரையும் யாரும் விரட்டவில்லை. விளம்பரமே போடவில்லை, அவ்வளவுதான்.

தனியார் கம்பெனி சாதி அல்லது மதம் பார்த்து மறுத்தால் அது சட்டப்படி குற்றமா?

இங்கே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அரசியலமைப்பின் 16வது பிரிவு மதம், இனம், சாதி, பால், வம்சாவளி, பிறந்த இடம், வசிக்கும் இடம் எதை வைத்தும் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் அது அரசு வேலைக்கு மட்டும். தனியார் நிறுவனம் ஆள் எடுக்கும்போது சாதி, மதம் பார்க்கக் கூடாது என்று நேரடியாகச் சொல்லும் பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை. எழுபது சொச்சம் ஆண்டுகளாக இல்லை. என்னைக் கேட்டால், முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை இதுதான்.

பட்டியல் சாதியினருக்கு ஒரு பிடி உண்டு. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4வது பிரிவு, தீண்டாமையின் பேரால் ஒருவரை எந்த வேலையிலும் சேரவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் 2015 திருத்தத்துக்குப் பிறகு அப்படி ஒரு பகுதி இருக்கிறது. ஆனால் அதற்கு யாராவது ஏதாவது வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும், அதற்குச் சாட்சி இருக்க வேண்டும். "செட் ஆகாது" என்பதை வைத்து எஃப்.ஐ.ஆர். போட முடியாது.

எழுத்தில் வந்தால் நிலைமை எப்படி மாறுகிறது என்பதற்கு ஓர் உதாரணம். 2015இல் மும்பையில் ஒரு வைர ஏற்றுமதி நிறுவனத்துக்கு விண்ணப்பித்த எம்.பி.ஏ. பட்டதாரி ஒருவருக்கு, "நாங்கள் முஸ்லிம் அல்லாதவர்களை மட்டுமே எடுக்கிறோம்" என்று மின்னஞ்சலில் பதில் வந்தது. அவர் அதை வெளியிட்டார். போலீஸ் வழக்குப் பதிந்தது. நிறுவனம், அது ஒரு பயிற்சி ஊழியர் செய்த தவறு என்றது. அதே பதில் போனில் வந்திருந்தால் நமக்கெல்லாம் அந்த விஷயமே தெரிந்திருக்காது.

பெண் என்பதால் மறுத்தால்?

அதற்குச் சட்டம் இருக்கிறது. தனியாருக்கும் பொருந்தும். எனக்கு வருத்தம் என்னவென்றால் இது பலருக்குத் தெரியவில்லை. 1976இல் வந்த சம ஊதியச் சட்டத்தின் 5வது பிரிவே, ஆள் எடுக்கும்போது பெண்களைப் பாகுபடுத்தக் கூடாது என்றது. இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 3வது பிரிவும் இதையே சொல்கிறது. சட்டமே பெண்களை வைக்கக் கூடாது என்று தடுத்த சில வேலைகளுக்கு மட்டும் விலக்கு.

அப்படியிருந்தும் "ஆண்கள் மட்டும்", "திருமணமாகாத பெண்கள் தேவை" என்று கடைக் கண்ணாடியில் ஒட்டியிருப்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் அதுதான்.

கல்யாணமான பெண்களை எடுக்காததற்குக் காரணம் சொல்கிறார்களே, அதில் நியாயம் இல்லையா?

என்ன காரணம் சொல்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம். 2024 ஜூன் 25 அன்று ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையில், அசெம்பிளி வேலைக்குத் திருமணமான பெண்களை முறையாகவே ஒதுக்கி வந்தார்கள் என்பது அந்தச் செய்தி. வேலை கேட்டு வந்த பெண்களிடம் வாசலில் நின்ற பாதுகாவலரே "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியதும் அதில் வந்தது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அதிக லீவு என்று காரணங்கள். மெட்டி, தாலி போன்ற உலோகம் உற்பத்தியைப் பாதிக்கும் என்பதும் ஒரு காரணம். நிறுவனம் பாகுபாட்டை மறுத்தது; புதிதாக எடுத்தவர்களில் 25 சதவீதம் திருமணமான பெண்கள் என்றது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து நோட்டீஸ் அனுப்பியது. அந்த ஆண்டு நவம்பரில், விளம்பரங்களில் வயது, பாலினம், திருமணம் பற்றிய நிபந்தனை எதையும் போடக் கூடாது என்று ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சிகளுக்கு அந்த நிறுவனம் சொல்லியிருப்பதாக ராய்ட்டர்ஸ் மறுபடி எழுதியது.

லீவு அதிகம் எடுப்பார்கள் என்ற வாதத்துக்கு வருகிறேன். லீவு எடுக்கிற ஆளைப் பற்றிக் கவலை என்றால் லீவு விதி போடுங்கள், எல்லோருக்கும் போடுங்கள். உலோகம் கூடாது என்றால் உலோகம் கூடாது என்று சொல்லுங்கள். மோதிரம் போட்ட ஆணும் கழற்றுவான், மெட்டி போட்ட பெண்ணும் கழற்றுவாளா மாட்டாளா என்று அவளே முடிவு செய்வாள். வாசலிலேயே அவளுக்காக இன்னொருவர் முடிவு செய்வது வேறு.

அரசாங்கமே இதைச் செய்த காலம் உண்டு. சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்த சி.பி. முத்தம்மா, 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். கல்யாணம் செய்தால் ராஜினாமா செய்வேன் என்று அவரிடம் எழுதி வாங்கினார்கள். மணமான பெண் உரிமையோடு அந்தப் பணியைக் கேட்க முடியாது என்று விதியே இருந்தது. 1979இல் உச்ச நீதிமன்றத்தில் அவர் தொடுத்த வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கேட்டது எளிமையான விஷயம்: மணமான ஆணின் குடும்பப் பொறுப்பு வேலையைக் கெடுக்காது என்றால் மணமான பெண்ணின் பொறுப்பு மட்டும் எப்படிக் கெடுக்கும்?

இதன் மறுபக்கமும் நம் ஊரில் இருக்கிறது. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து மில்களில் "சுமங்கலித் திட்டம்" என்று ஒன்று ஓடியது. கல்யாணமாகாத கிராமத்துப் பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் எடுத்து, ஹாஸ்டலில் வைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு என்று ஒரு தொகை தருவதாகச் சொல்வார்கள். அங்கேயும் பார்த்தது கல்யாணம் ஆகிவிட்டதா என்பதைத்தான். கைத்திறன் இரண்டு இடத்திலும் இரண்டாம் பட்சம்.

பிரசவ விடுப்புச் சம்பளம் முதலாளி தலையில் விழுகிறது. சின்னக் கம்பெனி என்ன செய்யும்?

இது நியாயமான கவலை. 26 வாரச் சம்பளம் சின்னக் கம்பெனிக்குப் பாரம்தான். ஆனால் பல முதலாளிகள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்கி இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் இருக்கும் பெண்ணுக்கு, பிரசவ காலச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. கழகம் தருகிறது. முதலாளி கையிலிருந்து போவதில்லை. மாதாமாதம் கட்டும் 3.25 சதவீதத்தோடு அவர் வேலை முடிந்தது. அசெம்பிளி லைன், ஜவுளிக்கடை, பில்லிங் கவுன்டர் என்று நாம் பேசுகிற பெரும்பாலான வேலைகள் இந்த வரம்புக்குள்தான் வரும். இதைச் சொன்னதும் "அப்படியா?" என்று கேட்ட முதலாளிகளை நான் எண்ணவே முடியாது.

அந்த வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குபவர்களுக்கு இன்னும் முழுச் செலவும் நிறுவனத்தின் மேல்தான். விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 ஆக்கிய 2017 திருத்தம் பெண்களுக்கு நல்லது செய்தது. அந்தச் செலவைப் பொது நிதியில் பகிர்ந்திருந்தால் இன்னும் நல்லது செய்திருக்கும்.

நான் கர்ப்பமாக இருக்கிறேன். இன்டர்வியூவில் சொல்ல வேண்டுமா?

கேட்காத வரை நீங்களாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: பேறுகாலச் சம்பளம் பெற, பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் குறைந்தது 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. என்றால் அதற்கு வேறு கணக்கு, 70 நாள் சந்தா. இதைத் தெரிந்துகொண்டு சேரும் தேதியை முடிவு செய்யுங்கள்.

2021 டிசம்பர் இறுதியில் பாரத ஸ்டேட் வங்கி, மூன்று மாதத்துக்கு மேல் கர்ப்பமான புதிய தேர்வர்கள் "தற்காலிகமாகத் தகுதியற்றவர்கள்" என்று விதி கொண்டுவந்தது. பிரசவமாகி நான்கு மாதத்துக்குள் சேரலாம் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் 2022 ஜனவரியில் நிறுத்திவைத்தது. அதற்கு முப்பது வருடம் முன்பு எல்.ஐ.சி. தன் படிவத்தில் மாதவிடாய் தேதி, எத்தனை முறை கருவுற்றீர்கள் என்றெல்லாம் கேட்டிருந்தது. நீரா மாத்தூர் வழக்கில் அந்தக் கேள்விகளை நீக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு தடவை அடித்துத் திருத்தினால் போதாது, வேறு படிவத்தில் திரும்ப வரும்.

நைட் ஷிப்ட் இருக்கிறது, அதனால் பெண்களை எடுக்க முடியாது என்கிறார்களே?

பழைய கதை. ஆலைகளில் பெண்கள் இரவில் வேலை செய்வதைத் தடுத்த விதியை 2000இலேயே வசந்தா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. பாதுகாப்பு, போக்குவரத்துக்கு நிபந்தனைகளும் விதித்தது. இப்போதைய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் பெண்ணின் சம்மதத்தோடு இரவு வேலையை அனுமதிக்கிறது. வேன் விடச் செலவாகும் என்பதை "சட்டம் விடாது" என்று சொல்லாதீர்கள்.

"கல்யாணம் ஆயிடுச்சா?", "நீங்க எந்த ஆளுங்க?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

என் வகுப்பில் அதிக நேரம் எடுப்பது இதுதான். சண்டை போடுங்கள் என்று நான் சொல்வதில்லை. கேட்கிற பிள்ளைக்கு வேலை வேண்டும், வீட்டு வாடகை இருக்கிறது. கேள்விக்குப் பின்னால் இருக்கும் வேலைக் கவலையை எடுத்து, அதற்கு மட்டும் பதில் சொல்லப் பழகச் சொல்கிறேன்.

"கல்யாணம் ஆயிடுச்சா?" என்றால்: "ஷிப்ட் டைமிங்கைப் பற்றிக் கேக்கறீங்களா சார்? மூணு ஷிப்டும் எனக்குச் சரிப்படும்."

"குழந்தையை யார் பாத்துக்குவாங்க?" என்றால்: "அதுக்கு வீட்ல ஏற்பாடு இருக்கு மேடம். போன கம்பெனியில ரெண்டு வருஷத்துல எட்டு நாள்தான் லீவு, அட்டெண்டன்ஸ் காட்டட்டுமா?"

"எந்த ஆளுங்க?" என்றால்: "சர்டிபிகேட் எல்லாம் ஃபைல்ல இருக்கு சார், ஜாயின் பண்ணும்போது ஹெச்.ஆர். கேட்டா தர்றேன்." குரல் மரியாதையாக இருக்கட்டும், கண் கீழே போக வேண்டாம். இதைச் சொல்லிவிட்டு உடனே வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்: "டேலி பிரைமா சார் யூஸ் பண்றீங்க?" பேச்சு திரும்பிவிடும்.

பதில் சொல்லிவிட்டால் குற்ற உணர்ச்சி வேண்டாம். அம்பத்தூரில் அந்தப் பெண் உண்மையைச் சொன்னாள். தப்பு அவள் பதிலில் இல்லை.

வெளியே வந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். கேட்ட கேள்வி, கேட்டவர் பெயர், தேதி, நேரம் எல்லாவற்றையும் அன்றைக்கே வாட்ஸ்ஆப்பில் உங்களுக்கே அனுப்பிவைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நன்றி சொல்லி ஒரு மெயில் போடுங்கள். "எடுக்கவில்லை என்றால் எந்தத் திறமையை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்" என்று ஒரு வரி சேருங்கள். பதில் வராமல் போகலாம். வந்தால் அது எழுத்தில் இருக்கும்.

பயோடேட்டாவில் எதையெல்லாம் விட்டுவிடலாம்?

ஜெராக்ஸ் கடையில் விற்கும் பயோடேட்டா படிவத்தை வாங்காதீர்கள். தகப்பனார் பெயர், மதம், திருமணமானவரா என்று வேலைக்குத் தேவையில்லாத கட்டங்களாகவே இருக்கும். வெள்ளைத்தாளில் நீங்களே போடுங்கள்: பெயர், போன், படிப்பு, என்ன வேலை தெரியும், எங்கே செய்தீர்கள். போட்டோ கேட்டால் மட்டும். முழு முகவரி வேண்டாம், ஊரும் பின்கோடும் போதும்.

பெயரையே மாற்றிக்கொள்ளலாமா என்று ஒரு தம்பி கேட்டான். பெயர் முகமது என்று தொடங்கும். நான் வேண்டாம் என்றேன். அவன் பெயரை மறைத்து நுழைய வேண்டிய இடத்தில் அவன் எத்தனை நாள் இருப்பான்? ஆனால் வேறு முடிவு எடுப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

திருநங்கை, திருநம்பிகளுக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்த விஷயத்தில் சட்டம் தெளிவு. 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், ஆள் எடுப்பது உட்பட வேலை சம்பந்தமான எதிலும் எந்த நிறுவனமும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. தனியாரும் அடக்கம். அதற்கு முன்பே தமிழ்நாட்டில் ஒருவர் கதவைத் திறந்தார். சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுப் படிவத்தில் ஆண், பெண் என்று இரண்டு கட்டம்தான் இருந்தது என்பதால் பிரித்திகா யாஷினியின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவர் நீதிமன்றம் போனார். 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொன்னது. 2017இல் அவர் காக்கிச் சட்டையில் பணியில் சேர்ந்தார்.

கம்ப்யூட்டரே விண்ணப்பங்களைத் தேர்ந்தெடுத்தால் பாகுபாடு போய்விடாதா?

போகாது. யாரை முன்பு எடுத்தோமோ அவர்களைப் பார்த்துத்தான் அது கற்றுக்கொள்கிறது. அமேசான் அப்படி ஒரு மென்பொருளை உருவாக்கிப் பார்த்துக் கைவிட்டது என்று 2018இல் செய்தி வந்தது. பத்தாண்டு விண்ணப்பங்களைப் படித்த அந்த மென்பொருள், "பெண்கள்" என்ற சொல் வந்த விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் குறைத்தது, பெண்கள் சதுரங்கக் குழுத் தலைவர் என்று போட்டிருந்தாலும். எத்திராஜ், மீனாட்சி, லேடி டோக் என்று நம் பிள்ளைகள் படிக்கும் பெண்கள் கல்லூரிகளை நினைத்துக்கொண்டேன்.

ஆண்களுக்கும் இது நடக்கிறதே? ரிசப்ஷனுக்குப் பெண்கள்தான் வேண்டும் என்கிறார்கள்.

நடக்கிறது, அதுவும் தப்புதான். புதிய சட்டத்தின் வாசகம் பாலினம் என்று பொதுவாக இருப்பதால் ஆண்களும் கேட்கலாம்.

நான் ஒரு சின்ன நிறுவனம் நடத்துகிறேன். நியாயமாக ஆள் எடுக்க என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே நன்றி. நான் மூன்று இடங்களில் செய்யவைத்துப் பலன் பார்த்ததைச் சொல்கிறேன்.

இன்டர்வியூவுக்கு முன்பே ஆறு கேள்வி எழுதிக்கொள்ளுங்கள். வருகிற எல்லோரிடமும் அதே ஆறு, அதே வரிசை. ஊர் விசாரிக்கும் ஆசை வந்தால் சேர்ந்த பிறகு விசாரியுங்கள். முடிந்தால் முதலில் ஒரு வேலை மாதிரி கொடுத்து, பேப்பரில் பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்டுத் திருத்துங்கள். ஒருவரை வேண்டாம் என்றால் வேலையில் எது குறை என்று ஒரு முழு வாக்கியம் எழுத வேண்டும் என்று விதி வையுங்கள். "செட் ஆகாது" என்று எழுதினால் ஷீட்டைத் திருப்பி அனுப்புங்கள். ஓர் இடத்தில் இப்படித் திருப்பி அனுப்பத் தொடங்கிய முதல் மாதம் சூப்பர்வைசர்களுக்கு என் மேல் பயங்கரக் கோபம். மூன்றாவது மாதம், காரணம் எழுத முடியாத நான்கு பேரை அவர்களே மறுபடி கூப்பிட்டார்கள். அதில் இரண்டு பேர் சேர்ந்தார்கள்.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறேன். அங்கே எப்படி?

2025 ஜனவரியில் அங்கே பணியிட நியாயச் சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வரும்போது அது இனம், மதம், மொழித்திறன், பால், கர்ப்பம், திருமணம், வயது என்று பலவற்றைப் பெயர் சொல்லித் தடுக்கும். 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு. மேண்டரின் வேண்டும் என்று விளம்பரத்தில் இருந்தால், வேலைக்கு அது ஏன் தேவை என்று நீங்கள் கேட்டுப் பார்க்கலாம்.

புகார் கொடுத்தால் வேறெங்கும் வேலை கிடைக்காதே. பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் பொய் இல்லை. ஒரே தொழிற்பேட்டையில் ஹெச்.ஆர். எல்லோரும் ஒரே வாட்ஸ்ஆப் குழுவில் இருப்பார்கள். ஆகவே உங்கள் பெயர் முன்னால் நிற்காத வழிகளை முதலில் பாருங்கள். "ஆண்கள் மட்டும்" என்று விளம்பரம் இருந்தால் அதைப் போட்டோ எடுத்துத் தொழிலாளர் துறைக்கு யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், நீங்கள் விண்ணப்பித்தவராக இருக்க வேண்டியதில்லை. மாநில மகளிர் ஆணையத்துக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினர் என்றால் அதற்கான மாநில ஆணையத்துக்கும் தொழிற்சங்கமோ மாதர் அமைப்போ எழுதலாம். ஸ்ரீபெரும்புதூர் விஷயத்தில் வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் யாரும் வழக்குப் போட வேண்டியிருக்கவில்லை. செய்தியைப் பார்த்தே மனித உரிமை ஆணையம் கேட்டது.

நேரடியாகப் போக முடிவெடுத்தால், ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் போதும். போகும்போது வாட்ஸ்ஆப்பில் நீங்கள் உங்களுக்கே அனுப்பிக்கொண்ட அந்தக் குறிப்பை ஒரு பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள்.